டீ ட்ரீ எண்ணெயா, வேப்பெண்ணெயா, மருந்துக்கடைக் கிறீமா? வன்னி வீடுகளுக்கான ஒரு தெரிவு

மெல்பேர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர்களின் பயணப் பெட்டிகளில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே இப்போது ஒரு சின்னப் பழுப்புநிறக் கண்ணாடிப் போத்தலும் வந்துவிடுகிறது. டீ ட்ரீ எண்ணெய். எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் மருந்துக்கடையில் நிற்கிற என்னிடம் அந்தப் போத்தலோடு வருகிறவர்கள் அநேகம். இதைப் பூசுவதா, வீட்டில் இருக்கிற வேப்பெண்ணெயே போதுமா, அல்லது காசு கொடுத்துக் கிறீம் வாங்குவதா என்பதுதான் அவர்கள் கேட்பது. எதற்குப் பூசப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் அதில்தான் இருக்கிறது. முகப்பருவுக்கு ஒன்று, சேற்றுப்புண்ணுக்கு ஒன்று, சொறிக்கு வேறொன்று. ஆறாத புண்ணுக்கோ இவற்றில் எதுவுமே இல்லை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். பெயரைப் பார்த்து இதை நுவரெலியாத் தேயிலையிலிருந்து எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். தேயிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடக்குக் கரையோரச் சதுப்பு நிலங்களில் வளரும் மெலலூக்கா அல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுப்பது இந்த எண்ணெய். அந்த மண்ணின் பூர்வகுடிகளான பன்ஜலங் மக்கள் நெடுங்காலமாக இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் போட்டுவந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர் இதன் கிருமிநாசினி ஆற்றலை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் இது போத்தலில் அடைக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தது. பூஞ்சையையும் பற்றீரியாவையும் அழிப்பதில் பெரும்பங்கு டெர்பினென்-4-ஓல் என்ற சேர்மத்துக்கு. சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4730-இன்படி அது 35 முதல் 48 சதவீதம் வரை இருக்க வேண்டும்.

இனிக் கால். வன்னியில் தோல் வருத்தம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது காலைத்தான். காலபோக மழை தொடங்கியதும் வரம்பு கட்டவும், தண்ணீர் மறிக்கவும், களை பிடுங்கவும் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறோம். நந்திக்கடலில் இறங்கி இறால் பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் ஊறி, வெளுத்து, ஈரக் கடதாசி போல உரிந்துவரும். பிறகு வெடிப்பு, எரிவு, கடி, நாற்றம். இதுதான் சேற்றுப்புண். பெரும்பாலும் பூஞ்சையின் வேலை, சில வேளைகளில் பற்றீரியாவும் சேர்ந்துகொள்ளும்.

டீ ட்ரீ எண்ணெய்க்கு இந்த இடத்தில் உண்மையான சான்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 158 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 25 சதவீதக் கரைசலையும் 50 சதவீதக் கரைசலையும் நாளுக்கு இருமுறை நான்கு வாரம் பூசவைத்தார்கள். பரிசோதனையில் பூஞ்சை முற்றாக நீங்கியிருந்தது 25 சதவீதக் கரைசலில் நூற்றுக்கு 55 பேருக்கு, 50 சதவீதக் கரைசலில் நூற்றுக்கு 64 பேருக்கு. மருந்தில்லாத வெறும் கரைசலைப் பூசியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு. ஆகவே வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இன்னோர் ஆய்வில், 10 சதவீதக் கிறீம் கடியையும் உரிவையும் குறைத்ததே ஒழியப் பூஞ்சையைப் போக்கவில்லை. மூலிகைக் கிறீம் என்று கடைகளில் விற்கும் பலவற்றில் இருப்பது அதைவிடவும் குறைந்த அளவு. அவை கடியை அடக்கும். பூஞ்சை உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

இதற்கு எதிரே மருந்துக்கடைக் கிறீம்களை வைத்துப் பாருங்கள். டெர்பினாஃபின் ஒரு சதவீதக் கிறீம் விரலிடைப் பூஞ்சையைப் பொதுவாக ஒரு வாரப் பூச்சிலேயே அடக்கிவிடும். குளோட்ரிமசோல் மலிவு, ஆனால் கடி நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பலர் கடி நின்ற அன்றே ரியூபை மூடிவைத்துவிட்டு, அடுத்த மழையோடு திரும்பி வருகிறார்கள். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் இவற்றுக்குக் காசும் இல்லை. சேற்றுப்புண்ணுக்கு என் முதல் தெரிவு ஐயமின்றிக் கிறீம்தான். டீ ட்ரீ எண்ணெய்க்கு இரண்டாம் இடம். அதுவும் வெடிப்பு இல்லாத, இரத்தம் கசியாத காலுக்கு மட்டும். வெடித்த தோலில் 25 சதவீதக் கரைசல் தாங்கமுடியாத எரிவைத் தரும்.

வேப்பெண்ணெயை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை அடக்குகிறது. மனிதக் காலில் டீ ட்ரீ அளவுக்குக்கூட அது சோதிக்கப்படவில்லை. ஆனால் வயலுக்கு இறங்குமுன் காலில் தடவுகிற வழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எந்த எண்ணெயும் தண்ணீரைத் தோலிலிருந்து கொஞ்சம் விலக்கிவைக்கும், வேப்பெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கிறது, விலையும் குறைவு. மாலையில் வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, அடுப்படியில் அரைமணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்து காயவிடுவது இந்த மூன்றில் எதைப் பூசினாலும் விடக்கூடாத வேலை. ஈரக் காலில் எந்த மருந்தும் நிற்காது.

காலைப் பற்றிய இன்னொரு விடயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. வெடித்த கால் எலிக்காய்ச்சலுக்குத் திறந்த வாசல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து அந்தக் கிருமி தோல் வெடிப்புக்குள்ளால் உடம்புக்குள் போகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறந்துவிடக்கூடாது. டீ ட்ரீயோ வேப்பெண்ணெயோ கிறீமோ அதைத் தடுக்காது. வயல் வேலைக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகக் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளின் மாத்திரைதான் அதற்கு. எண்ணெய் பூசியிருக்கிறேன், மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவரை விடாதீர்கள். நீரிழிவு இருப்பவர்களோ காலில் சின்ன வெடிப்பு வந்தாலும் வீட்டு வைத்தியத்தை யோசிக்கவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எரிவு தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகிவிட்டிருக்கும்.

முகப்பருவில் நிலைமை வேறு. டீ ட்ரீ எண்ணெய்க்கு நான் மனமுவந்து இடம்கொடுப்பது முகப்பருவுக்குத்தான். 1990-இல் வெளிவந்த ஆய்வொன்று 124 பேரில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும், வழக்கமான பரு மருந்தான பென்சோயில் பெரொக்சைட்டை 5 சதவீத அளவிலும் ஒப்பிட்டது. இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் முகம் காய்ந்து உரிவதும் எரிவதும் அதில் குறைவாக இருந்தன. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற வயதில் முகம் பருவாக இருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. அவசரமாக வேண்டும் என்பவர்களுக்குப் பென்சோயில் பெரொக்சைட். தழும்பு விழும் பெரிய பரு என்றால் இரண்டும் போதாது, தோல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஆய்வு செய்யப்பட்டது ஜெல். தேங்காய் எண்ணெயில் துளிகளைக் கலந்து முகத்தில் பூசுவது அதற்கு ஈடாகாது, ஏனென்றால் தேங்காய் எண்ணெய் முகத்துத் துளைகளை அடைக்கக்கூடியது. வீட்டு முற்றத்துக் கற்றாழையின் சோற்றில் துளி விட்டுக் கலக்குவதும் சரிவராது. அதில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் கரையாமல் மேலே மிதந்து, ஓரிடத்தில் அப்படியே செறிவாகப் பட்டுச் சுட்டுவிடும். முகத்துக்கென்றால் 5 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஜெல்லாகவே வாங்குங்கள்.

முகத்துக்குக் கிறீம் கேட்டு வருகிறவர்களிடம் நான் எப்போதும் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஸ்ரீராய்டு கலந்த கிறீம்கள் கடியையும் சிவப்பையும் ஓரிரு நாளில் அடக்கி, முகத்தையும் வெளுப்பாகக் காட்டும். உள்ளே படர்தாமரை பரவிக்கொண்டே போகும், தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வரும். வைத்தியர் எழுதாமல் அந்தக் கலவைக் கிறீமை வாங்குவதைவிட டீ ட்ரீ எண்ணெய் எவ்வளவோ மேல். கிறீம் என்ற ஒரே காரணத்துக்காக எந்த ரியூபும் பாதுகாப்பானதாகிவிடாது.

பொடுகைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு நான்கு வாரத்தில் பொடுகை 41 சதவீதம் குறைத்தது, வெறும் ஷாம்பு 11 சதவீதம் குறைத்தது. நல்ல பலன்தான். கீட்டோகொனசோல் ஷாம்பு அதைவிடக் கூடுதலாகச் சோதிக்கப்பட்டது. எது கையில் கிடைக்கிறதோ அதைப் பாவியுங்கள். பொடுகை உண்டாக்கும் பூஞ்சை தலை எண்ணெயைத் தின்று வாழ்வது என்பதால், பொடுகு இருக்கும்போது இரவு முழுக்க எண்ணெய் வைத்துப் படுப்பதை நிறுத்துவது நல்லது.

பேன் விடயத்தில் பிள்ளைகளின் தலையில் மண்ணெண்ணெய் பூசும் பழைய வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அடுப்படியில் தீப்பற்றும், மூச்சோடு உள்ளே போனால் சுவாசப்பை கெடும். அதை நிறுத்த டீ ட்ரீ உதவுமென்றால் எனக்கு மகிழ்ச்சிதான். டீ ட்ரீயும் லவெண்டரும் கலந்த தயாரிப்பொன்று அவுஸ்திரேலிய ஆய்வில் பைரித்ரின் மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது அளவு பார்த்துச் செய்த தயாரிப்பு. நம் வீட்டில் கண்ணளவில் கலக்குவது அதுவாகாது. நான் சொல்வது: ஈரத் தலையில் பேன் சீப்பால் மூன்று நான்கு நாளுக்கொரு முறை, இரண்டு வாரம். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் எடுப்பதால் ஒரே நாள் வேலையாக இது முடியாது. தேவைப்பட்டால் பெர்மெத்ரின் லோஷன் சேர்த்துக்கொள்ளலாம். சீப்புக்கு நச்சும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை.

சொறி வந்த வீட்டில் வேப்பிலை மணக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, 97 சதவீதமானோர் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமடைந்ததாக 1990களின் தொடக்கத்தில் அறிக்கை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பது அதன் பெரிய குறை. டீ ட்ரீ எண்ணெய் கண்ணாடித் தட்டில் சொறிப்பூச்சியைக் கொல்கிறது. மனிதரில் அது இன்னும் அவ்வாறு நிறுவப்படவில்லை. சொறிக்கு பென்சைல் பென்சோயேட்டோ பெர்மெத்ரின் 5 சதவீதக் கிறீமோ பூசுவதே சரி. வீட்டில் கடி இல்லாதவர் உட்பட எல்லோரும் ஒரே நாளில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும். பாயும் போர்வையும் உடுப்பும் வெந்நீரில் அலசி வெயிலில் காய வேண்டும். ஒருவர் மட்டும் பூசிக்கொண்டு மற்றவர்கள் சும்மா இருந்தால் உலகத்தின் எந்த மருந்தும் தோற்கும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம், இதற்குப் பதிலாக அல்ல.

இந்த மூன்றையும் கைவிட வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. முகத்திலோ கையிலோ ஒரு சின்னப் பரு போலத் தொடங்கி, வலியில்லாமல் மெல்ல மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கிறதா? அது மணல் ஈ கடித்துப் பரப்பும் லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். காட்டோரமாகவும் குளக்கட்டோரமாகவும் வாழ்கிற நமக்கு இது தூரத்து நோயல்ல. 2008 முதல் இலங்கையில் இது அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. ஊசியாலும் குளிரூட்டும் சிகிச்சையாலும் குணமாகும். அடுத்தது, தேமல் என்று நினைக்கிற வெளிறிய படை. நுனி கூர்மையாக்கிய ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தால் எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்துவிட்டு வைத்தியசாலைத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள், நேரத்தோடு தொடங்கினால் ஊனமில்லாமல் குணமாகும். இந்த இரண்டிலும் எண்ணெய் தோலை எரிக்காமல் இருந்தாலும் மாதங்களை எரித்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு டீ ட்ரீயைத்தான் பாவிக்கப்போகிறீர்கள் என்றால், அதைச் சரியாகச் செய்வோம். நேரடியாகப் போத்தலிலிருந்து தோலில் விடாதீர்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் 5 துளி விட்டால் அது ஏறத்தாழ 5 சதவீதம். முகம் தவிர்ந்த இடங்களுக்கு அதிலிருந்து தொடங்குங்கள். குளிக்கிற வாளியில் துளி விட்டுக் குளிப்பது பிழை. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் செறிவாக உடம்பில் ஒட்டும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், கடித்தால், கொப்புளித்தால் இந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது. மேலே சொன்ன சேற்றுப்புண் ஆய்விலும் எண்ணெய் பூசியவர்களில் நான்கு பேருக்குத் தோல் அழற்சி வந்து, நிறுத்திய பிறகே அடங்கியது.

ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் பழைய போத்தல். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இந்த எண்ணெய் ஒட்சியேற்றமடைந்து, தோலுக்கு ஆகாத புதிய பொருட்கள் அதில் உருவாகும். அவுஸ்திரேலியக் குளியலறை அலுமாரியில் இருக்க வேண்டிய போத்தல் நம் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், யன்னல் விளிம்பில் மூடி தளர்ந்து நிற்கிறது. போன வருடம் மாமி கொண்டுவந்தது என்று காட்டுகிற போத்தலைத் தோலில் பூச நான் சம்மதிப்பதில்லை. இறுக மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். திறந்த மாதத்தைப் போத்தலில் எழுதுங்கள். ஆறு மாதம், அல்லது கூடினால் ஒரு வருடம், அதற்குமேல் வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலுக்கு மாற்றவும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை இது கரைக்கும்.

நம் பிரதேசத்தில் செயற்கைக் கால் அணிந்து நடக்கிறவர்கள் அதிகம். வியர்வையும் உராய்வும் சேர்ந்து மிஞ்சிய காலின் தோலில் பூஞ்சை வருவது வழக்கம். அவர்களுக்கு மட்டும் நான் டீ ட்ரீ எண்ணெயை எந்த அளவிலும் பரிந்துரைக்க மாட்டேன். உறைக்குள் அடைபட்ட தோலில் எண்ணெயின் எரிச்சல் பல மடங்காகும். அந்தத் தோல் புண்பட்டால் மனிதர் நடக்கமுடியாமல் வீட்டோடு இருந்துவிட நேரும். இரவில் காலைக் கழற்றியபின் பூஞ்சைக் கிறீம் பூசி, காற்றுப்படவிட்டு, உறையைத் தினமும் கழுவிக் காயவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கால் செய்துகொடுத்த நிலையத்தில் காட்ட வேண்டும், பொருத்தமே பிழையாக இருக்கலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் லவெண்டர், டீ ட்ரீ கலந்த பொருட்களைத் தொடர்ந்து பாவித்த மூன்று சிறுவர்களுக்கு மார்பு வீங்கியதாக ஓர் அறிக்கை வந்தது. காரணம் இந்த எண்ணெய்தான் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் ஒரு சிறுவனுக்குத் தினமும் பூச வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பால்கொடுக்கும் தாய்மார் மார்பில் பூசக்கூடாது, காதுக்குள் யாருக்கும் விடக்கூடாது. நாய்க்கும் பூனைக்கும் உண்ணி போகட்டும் என்று பூசுவதை உடனே நிறுத்துங்கள். அவை நக்கியும் தோல் வழியாகவும் உள்வாங்கி, எச்சில் வடிந்து, பின்னங்கால் தளர்ந்து, நடுங்கிக் கிடக்கும். உண்ணிக்குக் கால்நடை வைத்தியர் தரும் மருந்து இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வாய்வழியே உள்ளே போவது. டீ ட்ரீ எண்ணெய் குடிக்கும் பொருளே அல்ல. 10 மில்லிலீற்றருக்கும் குறைவாகக் குடித்த ஒன்றரை வயதுக் குழந்தை தள்ளாடிச் சோர்ந்துபோனதும், இரண்டு தேக்கரண்டி குடித்த நான்கு வயதுச் சிறுவன் மூச்சுக்குக் கருவி வைக்கும் நிலைக்குப் போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. இருவரும் தப்பினார்கள். வேப்பெண்ணெயும் இந்த விடயத்தில் சாதுவானதல்ல. பூச்சிக்கும் சளிக்கும் என்று கைக்குழந்தைகளுக்குப் பருக்கிய வேப்பெண்ணெயால் வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்து குழந்தைகள் இறந்ததை மலேசிய வைத்தியர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். இயற்கைதானே என்று நாம் எளிதாகப் பருக்கிவிடுகிற பொருள் அது. இரண்டு போத்தல்களையும் இருமல் பாணியோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். வாயைத் துடைத்துவிட்டு, தூக்கம் வருகிறதா, தள்ளாடுகிறதா என்று காத்திருந்து பார்க்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு கிட்டிய வைத்தியசாலைக்கு ஓடுங்கள். வாகனம் இல்லாத இடமென்றால் 1990-ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.